ஆஸ்கர் பீட்டர்சனின் 'நைட் ட்ரெயின்': இவ்வளவு எளிமையாக இருக்கும் இசையில் என்ன இருக்கிறது?

கேள்வி இதுதான்: "ஜாஸ் இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். எல்லோரும் ஆஸ்கர் பீட்டர்சன் ட்ரியோவின் 'நைட் ட்ரெயின்' ஆல்பத்தில் தொடங்கச் சொல்கிறார்கள். கேட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரிய ஹோட்டல் லாபியில் பின்னணியில் ஓடும் இசை மாதிரியும் இருக்கிறது. இதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? நான் எதைக் கவனிக்கத் தவறுகிறேன்?"

லாபி இசை என்று சொன்னதற்காக யாரும் உங்களைத் திட்ட வேண்டியதில்லை. அந்த ஆல்பம் காதுக்கு இதமாக இருக்க வேண்டும் என்றே திட்டமிட்டுச் செய்யப்பட்டது. 1962 டிசம்பர் 15, 16 என்று இரண்டே நாட்களில் லாஸ் ஏஞ்சலஸில் பதிவானது. பியானோ ஆஸ்கர் பீட்டர்சன், டபுள் பேஸ் ரே பிரவுன், டிரம்ஸ் எட் திக்பென். அடுத்த ஆண்டு வெர்வ் நிறுவனம் எல்பியாக வெளியிட்டது. மொத்தம் 11 உருப்படிகள், ஏறத்தாழ முக்கால் மணி நேரம். 'ஈஸி டஸ் இட்', 'ஹனி டிரிப்பர்', 'மோட்டன் ஸ்விங்' எல்லாம் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். காரணம் ரொம்ப சாதாரணமானது. ரேடியோக்காரர்கள் நீளமான ஜாஸ் பாட்டைப் போட மாட்டார்கள், அதனால் வேண்டுமென்றே சுருக்கினார்கள். எல்லோருக்கும் தெரிந்த மெட்டுகள், நிதானமான வேகம், குட்டிக் குட்டி உருப்படிகள். வியாபாரக் கணக்கு இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

ஆனால் பீட்டர்சனைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு ஒரு நல்ல காரியம் செய்தது. அவருக்கு எப்போதுமே இருந்த சிக்கல், கையில் சரக்கு அதிகம் என்பதுதான். இந்த ஆல்பம் அவரை அடக்கி வாசிக்க வைத்தது. அவரை அடக்கியது இரண்டு விஷயங்கள்: நேரம், அப்புறம் ப்ளூஸ். என்னைக் கேட்டால் 'நைட் ட்ரெயி'னின் அழகு முழுக்க அந்த அடக்கத்தில்தான் இருக்கிறது. எதை அடக்குகிறார் என்று தெரியாமல் கேட்டால் அது எளிமையாக மட்டும்தான் தெரியும். அதனால் அவரிடம் என்ன இருந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

பீட்டர்சன் 1925இல் கனடாவின் மாண்ட்ரியலில் பிறந்தவர். பெற்றோர் கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள். சிறு வயதில் காசநோய் வந்ததால் டிரம்பெட்டை விட்டுவிட்டு பியானோவில் நிலைத்தார். முதலில் அக்கா டெய்சி சொல்லிக் கொடுத்தார். பிறகு பால் டி மார்க்கி என்ற ஹங்கேரியப் பியானோ கலைஞரிடம் போனார். டி மார்க்கியின் குரு, ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் நேரடி மாணவர். அதாவது மேற்கத்திய செவ்வியல் பியானோவில் வேகத்துக்கும் விரல் வித்தைக்கும் பேர்போன ஒரு பரம்பரையின் நேர் வாரிசு. இன்னொரு பக்கம் ஜாஸ் பியானோ மேதை ஆர்ட் டேட்டம். பையன் ரொம்பத் தலைகால் புரியாமல் ஆடுகிறான் என்று பார்த்த அப்பா, டேட்டமின் 'டைகர் ராக்' இசைத்தட்டைப் போட்டுக் காட்டினாராம். வாசிப்பது இரண்டு பேர் என்று நினைத்துக்கொண்டான் பையன். ஒரே ஆள், அதுவும் கிட்டத்தட்டப் பார்வையே இல்லாதவர் என்று தெரிந்ததும் கொஞ்ச காலம் பியானோ பக்கமே போகவில்லை. திரும்பி வந்தபோது டேட்டமை எட்டிப் பிடிப்பது என்ற முடிவோடு வந்தார். 14 வயதில் கனடிய வானொலியான சி.பி.சி. நடத்திய போட்டியில் பரிசு வாங்கினார்.

இப்படி வளர்ந்தவர் மேடையில் எப்படி வாசிப்பார்? மழை கொட்டுகிற மாதிரி. 1949இல் நார்மன் கிரான்ஸ் என்ற இசை நிகழ்ச்சி அமைப்பாளர் அவரை நியூயார்க்கின் கார்னெகி ஹாலுக்கு அழைத்து வந்து மேடையேற்றியதிலிருந்தே ரசிகர்கள் கொண்டாடினார்கள். விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். ஸ்வரங்கள் அதிகம், உணர்ச்சி குறைவு, இயந்திரம் போல வாசிக்கிறார் என்பது அவர்கள் வாதம். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1958இல் ஒரு பேட்டியில் இன்னும் கடுமையாகப் பேசினார். பீட்டர்சன் எல்லோரையும் பார்த்துக் காப்பியடிக்கிறார், ப்ளூஸ் வாசிப்பதைக்கூட அவர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்ற பொருளில் சொன்னார். ஒரு கறுப்பின ஜாஸ் கலைஞரைப் பார்த்துச் சொல்லக்கூடியதில் இதைவிடப் புண்படுத்தும் வார்த்தை கிடையாது. ப்ளூஸ் என்பது பிறப்போடு வருவது, படித்து வருவதல்ல என்பது அதன் உள்ளர்த்தம். எனக்கு அந்த வாதத்தில் உடன்பாடில்லை. யாராக இருந்தாலும் கற்றுக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். ஆனாலும் அந்தப் பேட்டி வந்து நான்கு ஆண்டு கழித்து, ஆரம்பம் முதல் கடைசிவரை ப்ளூஸ் மணம் வீசும் ஓர் ஆல்பத்தை பீட்டர்சன் வாசித்தார் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சுவாரசியமானது.

இப்போது ப்ளூஸ். அதன் சட்டகம் 12 பார் கொண்ட ஒரு சுற்று. ஒரு பாருக்கு நான்கு அடி. முதல் நான்கு பார் ஆதார ஸ்வரத்தின் மேல் கட்டிய கார்டில், அதாவது ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக் கூட்டில், நிற்கும். அடுத்த இரண்டு பார் மத்யமத்தின் கார்டுக்குப் போய், இரண்டு பார் வீடு திரும்பும். பிறகு பஞ்சமத்துக்கு ஏறி, கடைசியில் மறுபடி ஆதாரத்துக்கு இறங்கும். பாட்டாக இருந்தால் ஒரு வரியைப் பாடி, அதே வரியைத் திருப்பிப் பாடி, மூன்றாவது வரியில் அதற்குப் பதில் சொல்வார்கள். அவ்வளவுதான். இந்த 12 பார் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. உருப்படி முடியும்வரை இதே சுற்று. ஆல்பத்தில் 'சி ஜாம் ப்ளூஸ்', 'நைட் ட்ரெயின்', 'பேக்ஸ் க்ரூவ்', 'திங்ஸ் ஏன்ட் வாட் தே யூஸ்ட் டு பி' எல்லாம் இந்த அச்சில் வார்த்தவை.

இவ்வளவு சின்ன வட்டத்துக்குள் விரல் வேகத்தைக் காட்டி ஜெயிக்க முடியாது. கேட்பவருக்கு அடுத்து எந்தக் கார்டு வரும் என்று முன்கூட்டியே தெரியும். அதனால் எந்த இடத்தில் ஆரம்பிக்கிறார், எங்கே மூச்சு விடுகிறார், ஒரு ஸ்வரத்தை அடிக்கு முன்னால் வைக்கிறாரா பின்னால் வைக்கிறாரா என்பதெல்லாம் வெளிச்சம் போட்டுத் தெரியும். ஒளிந்துகொள்ள இடமில்லாத வடிவம் இது.

முதல் உருப்படியான 'சி ஜாம் ப்ளூ'ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். பியானோ கலைஞரும் பெரிய ஜாஸ் குழு ஒன்றின் தலைவருமான ட்யூக் எலிங்டனின் மெட்டு. மெட்டு என்று சொல்லவே கூச்சமாக இருக்கும், ஏனென்றால் அதில் இருப்பது இரண்டே ஸ்வரம். சி-யை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் பஞ்சமமும் மேல் ஷட்ஜமும் மட்டும். பஞ்சமத்தைத் தட்டிக்கொண்டே இருந்து கடைசியில் மேல் ஷட்ஜத்துக்கு ஒரு தாவல். குழந்தைகூட ஒரு விரலால் வாசித்துவிடும். அந்த மெட்டு முடிந்து அடுத்த சுற்று ஆரம்பிக்கும்போது பேஸும் டிரம்ஸும் சட்டென்று நின்றுவிடும். நான்கு பார் அளவுக்கு பியானோ தனியாக. பிறகு மூன்று பேரும் சேர்ந்து இறங்குவார்கள். அடுத்த சுற்றிலும் இதே விளையாட்டு. எலிங்டன் குழு 1942இல் பதிவு செய்தபோதே தனி வாசிப்புகளுக்கு முன்னால் இப்படி இடைவெளி விடும் வழக்கம் இருந்தது. பீட்டர்சன் அதை வாங்கிக்கொண்டார்.

அந்த இடைவெளியில் கவனிக்க வேண்டியது தாளம் எங்கே இருக்கிறது என்பது. டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. ஆனால் கால் தட்டுவதை நீங்கள் நிறுத்த மாட்டீர்கள். காலப்பிரமாணம் முழுக்க அவருடைய வலது கைச் சொற்கட்டிலேயே இருக்கிறது. பேஸும் டிரம்ஸும் திரும்ப வரும்போது ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் அதே வேகத்தில் உட்கார்வார்கள். ஸ்விங் என்று ஜாஸ்காரர்கள் சொல்வதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் மூன்றரை நிமிடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. நம் ஊர்க் காதுக்கு ஒரு குறிப்பு: ஒவ்வோர் அடியையும் இரண்டாகச் சமமாகப் பிரிக்காமல், திஸ்ர நடையில் மூன்றாகப் பிரித்து முதல் இரண்டையும் ஒட்டிவிட்டால் வரும் நொண்டல்தான் ஸ்விங்கின் அடிப்படை. ஆனால் அது கணக்காக இருந்தால் செத்துப்போகும். வேகம் கூடும்போது நொண்டல் குறையும், நிதானத்தில் கூடும். பீட்டர்சன் ஒரே சொற்கட்டுக்குள்ளேயே இந்த அளவை நெகிழ்த்துவார்.

இன்னொரு விஷயம் ப்ளூஸுக்கே உரிய அந்த ஸ்வரங்கள். ப்ளூஸ் பாடகர்கள் காந்தாரத்தை இரண்டு காந்தாரங்களுக்கு நடுவில் எங்கோ ஓர் இடத்தில் வைத்து இழுப்பார்கள். கிடாரில் கம்பியை வளைத்துக் கொண்டுவரலாம். பியானோவில் முடியாது. ஆர்மோனியத்தில் கமகம் வராது என்று நம் வித்வான்கள் குறைப்பட்டுக்கொள்ளும் அதே பிரச்சினை. பியானோக்காரர்கள் கண்டுபிடித்த வழி, கறுப்புக் கட்டையிலிருந்து பக்கத்து வெள்ளைக் கட்டைக்கு விரலை வழுக்கவிடுவது, அல்லது இரண்டையும் ஒருசேர நசுக்கி, ஒன்றை உடனே விட்டுவிடுவது. காது அதை நடுவில் இருக்கும் ஸ்வரமாக எடுத்துக்கொள்ளும். 'பேக்ஸ் க்ரூ'வில் இந்த நசுக்கல்களைத் தேடிப் பாருங்கள். வைப்ரஃபோன் வாசித்த மில்ட் ஜாக்சனின் மெட்டு அது. அவருடைய செல்லப் பெயர்தான் 'பேக்ஸ்'.

அடுத்து தலைப்புப் பாட்டு. இதன் வம்சாவளியே ஒரு தனிக்கதை. 1940இல் எலிங்டனின் சாக்ஸபோன் கலைஞர் ஜானி ஹாட்ஜஸ் ஒரு சின்னக் குழுவோடு பதிவு செய்த ஒரு ப்ளூஸில் அந்த அடிப்படை ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சொற்கட்டு, இருக்கிறது. 1946இல் எலிங்டன் தென் மாநிலங்களைப் பற்றிய தன் 'டீப் சவுத் சூட்' என்ற தொகுப்பின் கடைசிப் பகுதியில் அதையே ரயிலாக்கினார். அதற்குப் பெயர் 'ஹாப்பி கோ லக்கி லோக்கல்'. ஒவ்வொரு குட்டி ஸ்டேஷனிலும் நின்று போகும் பாசஞ்சர் வண்டியின் சத்தத்தை முழு ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து எழுப்பும். பிறகு, எலிங்டன் குழுவில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வெளியேறிய ஜிம்மி ஃபாரஸ்ட் என்ற டெனர் சாக்ஸபோன்காரர் 1951இல் அதை 'நைட் ட்ரெயின்' என்று தன் பெயரில் பதிவு செய்தார். அது 1952இல் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதன்பின் ஜேம்ஸ் பிரவுன்கூட ஊர்ப்பெயர்களைக் கத்திக்கொண்டே ஒரு வடிவம் செய்தார். பீட்டர்சன் ஆல்பத்தின் சில பதிப்புகளில் இதே உருப்படிக்கு எலிங்டன் வைத்த பழைய பெயர் அச்சாகியிருப்பதைப் பார்க்கலாம். குழம்ப வேண்டாம், ஒரே பாட்டுதான்.

ஃபாரஸ்டின் வடிவத்தில் வியர்வையும் சிகரெட் புகையும் இருக்கும். பீட்டர்சனுடையது நேர் எதிர். தூரத்தில் வண்டி வருவது போல மெல்ல ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கனம் ஏறுகிறது. ஒற்றை ஸ்வரங்களாக இருந்தது இரண்டு கையும் சேர்ந்த பெரிய கார்டுகளாக விரிகிறது. ஓர் உச்சியைத் தொட்டுவிட்டு, வந்த வழியே இறங்கி, ஆரம்பத்தில் இருந்த மெல்லிய சத்தத்துக்குத் திரும்புகிறது. ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும் இந்த ஏற்ற இறக்கத்தில் வேகம் மாறவே இல்லை, சத்தம் மட்டும்தான் மாறுகிறது. ஒலியளவை வைத்தே ஒரு கதை சொல்வது மூன்று பேர் கொண்ட குழுவுக்கு எளிதல்ல. ஒருவர் முந்திக்கொண்டால் போச்சு.

இந்த ஆல்பத்துக்கு ரயில் பெயர் வைத்ததில் இன்னொரு காரணமும் உண்டு. பீட்டர்சன் இதைத் தன் அப்பா டேனியலுக்குச் சமர்ப்பித்தார். டேனியல் பீட்டர்சன் கனடியன் பசிஃபிக் ரயில்வேயில் ஸ்லீப்பர் கோச் போர்ட்டர். போர்ட்டர் என்றதும் நம் ஊர் ஸ்டேஷனில் பெட்டி தூக்குபவரை நினைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே அது பெட்டியிலேயே பயணிகளோடு நாட்கணக்கில் போகும் வேலை. படுக்கை விரிக்க வேண்டும், மடக்க வேண்டும், சாமான் ஏற்ற வேண்டும், பயணிகள் தூங்கிய பிறகு அவர்களுடைய ஷூக்களுக்குப் பாலிஷ் போட வேண்டும். தனக்குத் தூக்கம் கிடைத்தால் உண்டு. வட அமெரிக்கா முழுக்க இந்த வேலை பெரும்பாலும் கறுப்பின ஆண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. அதற்கு மேல் கண்டக்டராகப் பதவி உயர்வு கிடையாது. ஸ்லீப்பர் பெட்டிகளைக் கட்டிய ஜார்ஜ் புல்மனின் பெயரை வைத்து, எந்தப் போர்ட்டராக இருந்தாலும் பயணிகள் 'ஜார்ஜ்' என்றே கூப்பிடுவார்கள். முதலாளி பெயரால் அடிமையை அழைத்த பழைய வழக்கத்தின் மிச்சம் அது. அமெரிக்காவில் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் 1925இல், அதாவது ஆஸ்கர் பிறந்த அதே ஆண்டில், போர்ட்டர்களின் சங்கம் உருவானது. அந்தச் சங்கத்தோடு கனடியன் பசிஃபிக் ஒப்பந்தம் போட 1945 ஆயிற்று.

மாண்ட்ரியலில் கறுப்பின மக்கள் வாழ்ந்த செயின்ட் ஆன்டுவான் பகுதி ரயில் நிலையங்களை ஒட்டியே வளர்ந்ததற்கும் இந்த வேலைதான் காரணம். அந்த ஊரின் புகழ்பெற்ற ஜாஸ் கிளப்பான 'ராக்ஹெட்ஸ் பாரடைஸ்' தொடங்கிய ரூஃபஸ் ராக்ஹெட் முன்னாள் போர்ட்டர். அங்கிருக்கும் யூனியன் யுனைடெட் சர்ச்சை 1907இல் ஆரம்பித்தவர்களும் போர்ட்டர்களும் அவர்கள் குடும்பத்தினரும்தான். பீட்டர்சன் குடும்பம் போன சர்ச் அது. ஆக அந்த ஊர் ஜாஸ், கோயில், வீட்டு வாடகை எல்லாமே தண்டவாளத்தின் மேல்தான் ஓடியது.

டேனியல் வேலைக்குக் கிளம்பும்போது ஐந்து பிள்ளைகளுக்கும் பியானோ பாடம் கொடுத்துவிட்டுப் போவார். திரும்பி வந்ததும் ஒவ்வொருவராக உட்கார்த்தி ஒப்புவிக்கச் சொல்வார். தயாராகாதவர் பாடு திண்டாட்டம். அவர் கப்பலில் வேலை பார்த்த காலத்தில் தானாகவே ஆர்கன் வாசிக்கக் கற்றுக்கொண்டவர். ஆஸ்கர் பள்ளியை விட்டுவிட்டு இசைக்குப் போகிறேன் என்று நின்றபோது, சும்மா ஒரு பியானோக்காரனாக ஆவதற்கு அனுமதியில்லை, ஆனால் முதல் ஆளாக வருவதென்றால் போ என்று சொல்லி அனுப்பியதாக ஆஸ்கர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். இரவு ரயில் ஒருவருக்குக் காதல் சின்னமாக இருக்கலாம், இன்னொருவருக்குப் பிரிவாக இருக்கலாம். இந்த வீட்டில் அது அப்பாவின் ஷிஃப்ட்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு கேட்டால்தான் இசை நன்றாக இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தலைப்புப் பாட்டு ஏன் ஆர்ப்பாட்டமில்லாமல், ஏறக்குறைய மரியாதையோடு நடந்துகொள்கிறது என்பதற்கு ஒரு விடை இதில் கிடைக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

பீட்டர்சனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் மற்ற இருவருக்கும் அநியாயம் செய்தவனாவேன். சொல்லப்போனால் முதல்முறை கேட்பவரை நான் பியானோவைக் கேட்காதீர்கள், பேஸைக் கேளுங்கள் என்பேன். ரே பிரவுன் பிட்ஸ்பர்க்காரர். இருபது வயது ஆவதற்குள்ளேயே டிரம்பெட் கலைஞர் டிஸி கிலெஸ்பியோடு வாசித்தவர். 1950களின் தொடக்கத்திலிருந்து பீட்டர்சனோடு. ஒரு பாருக்கு நான்கு ஸ்வரம், அடிக்கு ஒன்று என்று நடந்துகொண்டே போவதுதான் ஜாஸ் பேஸின் அன்றாட வேலை. எல்லோரும் செய்வது. பிரவுனின் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஆரம்பத்தில் ஒரு கடினமான 'டும்' இருக்கும், பின்னால் ஒரு நீண்ட கார்வை இருக்கும். அடுத்த ஸ்வரம் வரும்வரை அந்தக் கார்வை அறுபடாது. அவர் தேர்ந்தெடுக்கும் ஸ்வரங்கள் அடுத்த கார்டுக்குப் போகும் பாதையைக் காட்டிக்கொண்டே இருக்கும். இவர் கீழே இப்படி நிற்பதால்தான் பீட்டர்சனின் இடது கை ஓய்வெடுக்க முடிந்தது. டேட்டம் மாதிரி தனியாக வாசிப்பவருக்கு இடது கைதான் பேஸ், டிரம்ஸ் எல்லாம். இந்த ஆல்பத்தில் பீட்டர்சனின் இடது கை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கார்டு போட்டுவிட்டுச் சும்மா இருப்பதைக் கவனியுங்கள். அவ்வளவு பெரிய கையை அப்படிச் சும்மா வைத்திருப்பதற்கு நம்பிக்கை வேண்டும்.

எட் திக்பென் சேர்ந்தது 1959இல். அதற்குச் சற்று முன்புவரை இந்தக் குழுவில் பெரும்பாலும் டிரம்ஸ் கிடையாது. நாட் கிங் கோல் ட்ரியோவைப் பின்பற்றி பியானோ, கிடார், பேஸ் என்றே இருந்தது. முதலில் இர்விங் ஆஷ்பி, பிறகு பார்னி கெஸல், அதன்பின் ஹெர்ப் எல்லிஸ் கிடார் வாசித்தார்கள். எல்லிஸ் இருந்த காலத்தில் குழு பறந்துகொண்டே இருக்கும். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் துரத்துவார்கள். கிடார் போய் டிரம்ஸ் வந்ததும் துரத்தல் குறைந்து, இருப்பு கூடியது. திக்பெனின் அப்பா பென் திக்பென் கான்சஸ் சிட்டி வட்டாரத்தில் பெயர்பெற்ற ஆன்டி கர்க் குழுவின் டிரம்மர். மகனுக்குப் பெயர் வாங்கித் தந்தது பிரஷ். கம்பிகளால் ஆன அந்த விசிறியை டிரம் தோல் மேல் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே அடியைப் பிரிப்பார். தேய்க்கும் சத்தம் தொடர்ச்சியாக இருக்கும், அடி அதற்குள்ளிருந்து முளைக்கும். குச்சியை எடுத்தாலும் அதே நாகரிகம். இரண்டாவது, நான்காவது அடிகளில் ஹைஹேட் (காலால் மூடும் ஜோடித் தட்டு) மூடும் 'ச்சிக்' சத்தத்தைப் பிடித்துக்கொண்டால் ஆல்பம் முழுக்க நீங்கள் வழி தவற மாட்டீர்கள்.

அந்த நாட்களில் இவர்கள் வெறும் மேடைக் குழு மட்டுமல்ல. டொரான்டோவில் 1960இலிருந்து சில ஆண்டுகள் ஒரு ஜாஸ் பள்ளி நடத்தினார்கள். மூன்று பேருமே அங்கு வாத்தியார்கள். 'நைட் ட்ரெயி'னில் எல்லாமே எடுத்துக்காட்டு போலத் தெளிவாக இருப்பதற்கும் அதற்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு. இன்றும் ஜாஸ் பியானோ கற்பவர்கள் 'சி ஜாம் ப்ளூஸ்' தனி வாசிப்பை ஸ்வரம் ஸ்வரமாக எழுதி வைத்துப் பயிற்சி செய்கிறார்கள்.

மற்ற உருப்படிகளைப் பற்றிச் சுருக்கமாக. 'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்' ஹோகி கார்மைக்கேல் 1930இல் போட்ட மெட்டு. 1960இல் ரே சார்ல்ஸ் பாடி எல்லோர் வாயிலும் இருந்ததால் இந்த ஆல்பத்தில் சேர்ந்தது என்று ஊகிக்கலாம். பீட்டர்சன் மெட்டை விட்டு ரொம்பத் தூரம் போவதில்லை. 'மோட்டன் ஸ்விங்' 1932ஆம் ஆண்டு கான்சஸ் சிட்டிச் சரக்கு. அந்த ஊரின் பென்னி மோட்டன் குழுதான் பிறகு பியானோ கலைஞர் கவுன்ட் பேசியின் குழுவாக உருமாறியது. பேசியின் சிக்கனம் பீட்டர்சன் விரலில் வந்து உட்காருவதை இதில் கேட்கலாம். 'ஹனி டிரிப்பர்' எனக்குக் கொஞ்சம் வெறும் விளையாட்டாகப் படும். ஜோ லிகின்ஸ் 1945இல் போட்ட மூலத்தில் நடனத்துக்கான முரட்டுத்தனம் இருக்கும், இங்கே அதைத் தேய்த்து மழுக்கிவிட்டார்கள். 'ஐ காட் இட் பேட்' எலிங்டனின் காதல் தோல்விப் பாட்டு, ஐவி ஆண்டர்சன் பாடிக் கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள்.

கடைசி உருப்படிக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். 'ஹிம் டு ஃப்ரீடம்'. ஆல்பத்தில் பீட்டர்சன் சொந்தமாக எழுதியது இது ஒன்றுதான். ஒலிப்பதிவின்போது கூடவே இருந்த கிரான்ஸ், பழங்கால ப்ளூஸ் உணர்வோடு ஏதாவது ஒன்று வேண்டும் என்று கேட்க, அங்கேயே பிறந்த மெட்டு. பீட்டர்சன் தேடிப்போனது சிறு வயதில் சர்ச்சில் கேட்ட பாட்டுகளை. பியானோ தனியாக ஆரம்பிக்கும், ஒரு சர்ச் ஆர்கன் வாசிப்பவர் பாட்டின் முதல் வரியைக் காட்டிக்கொடுப்பது போல. பேஸும் டிரம்ஸும் பிறகுதான் வரும். மெட்டு ரொம்ப நேரானது, கூட்டமாகப் பாட ஏற்றது. போகப்போக இரண்டு கையும் கார்டுகளை நடுங்கவிட்டு உச்சிக்கு ஏற்றுகின்றன. அடக்கி வைத்ததைப் பீட்டர்சன் முற்றிலும் வெளியே விடும் இடம் இதுதான், அதுவும் ஸ்வரப் பொழிவாக இல்லாமல் ஒரே கார்டின் அதிர்வாக.

ஆண்டு 1962. அமெரிக்கத் தென் மாநிலங்களில் பேருந்தில் எங்கே உட்காரலாம் என்பதற்கு அடி வாங்கியவர்கள் முந்தைய ஆண்டுதான் சிறைக்குப் போய் வந்திருந்தார்கள். ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இரண்டரை மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கே கலவரம் வெடித்து ராணுவம் வர வேண்டியிருந்தது. கிரான்ஸ் தன் நிகழ்ச்சிகளில் பார்வையாளர்களை நிறம் பார்த்துப் பிரித்து உட்கார வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுபவர். இந்த விஷயத்தில் ஹூஸ்டன் நகரப் போலீசோடு 1955இல் மோதியவர். அவர் கேட்டு, ஒரு போர்ட்டரின் மகன் எழுதிய பாட்டுக்கு 'சுதந்திரம்' என்று பெயர் வந்தது தற்செயல் இல்லை. பிறகு ஹாரியட் ஹாமில்டன் அதற்கு வரிகள் எழுத, மனித உரிமைப் போராட்டக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் பல நாட்டுக் குழந்தைகள் பாடகர் குழுக்கள் அதைப் பாடுகின்றன. ஹோட்டல் லாபி என்று நீங்கள் சொன்னீர்களே, இந்தப் பாட்டு வந்ததும் மட்டும் அந்த ஒப்பீடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

எதிர்ப்பக்க வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். 1961 ஜூனில் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் பியானோ கலைஞர் பில் எவன்ஸின் ட்ரியோ பதிவு செய்ததைக் கேட்டவர்களுக்கு 'நைட் ட்ரெயின்' பழைய பாணியாகத் தெரியும். எவன்ஸ் குழுவில் பேஸ் நடப்பதில்லை, பியானோவோடு சரிக்குச் சரி பேசுகிறது. அடுத்த அறுபது ஆண்டு பியானோ ட்ரியோக்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் போயின. பீட்டர்சன் புதிய வாசல் எதையும் திறக்கவில்லை என்பது உண்மை. ஆனால் புதுமை ஒன்றுதான் அளவுகோல் என்று வைத்துக்கொண்டால், ஏற்கெனவே இருந்த ஒரு கலையை இவ்வளவு துல்லியமாகச் செய்து காட்டியவர்களை எங்கே வைப்பது? எனக்கு இரண்டு ட்ரியோவும் வேண்டும், வேறு வேறு நாளில்.

கேட்கும் முறை பற்றிக் கேட்டிருந்தால் நான் சொல்வது இது. பின்னணியில் ஓடவிடாமல், 'சி ஜாம் ப்ளூஸ்' ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு விரல் விட்டு 12 பார் எண்ணுங்கள். நான்கு நான்காக மூன்று வரி என்று வைத்துக்கொண்டால் எளிது. சுற்று எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று பிடிபட்டதும், அதே பாட்டை பேஸுக்காக ஒரு தடவை, ஹைஹேட்டுக்காக ஒரு தடவை. நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் பீட்டர்சன் வாசித்துக்கொண்டே முனகுவதும் காதில் விழலாம். அது அவர் வழக்கம். பிறகு தலைப்புப் பாட்டு, அப்புறம் 'ஹிம் டு ஃப்ரீடம்'. மற்றவை தானாக வரும்.

சிடியிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் 1997 பதிப்பில், 'ஹிம் டு ஃப்ரீடம்' முடிந்த பிறகு 'வொலாரே' முதலிய உருப்படிகளும் ஓர் ஒத்திகையும் ஒட்டப்பட்டிருக்கும். முதல் தடவை 11ஆவது பாட்டோடு நிறுத்திவிடுங்கள். எல்பியின் வரிசை அங்கே முடிகிறது, அதற்குப் பிறகு 'வொலாரே' வருவது பந்தியில் பாயசத்துக்குப் பிறகு மறுபடி சாம்பார் ஊற்றுவது போல. இதே மூவரை இன்னும் கேட்க ஆசை வந்தால் 1964இல் பதிவான 'வீ கெட் ரிக்வெஸ்ட்ஸ்' எடுங்கள். பீட்டர்சன் அடக்கிக்கொள்ளாமல் வாசித்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமா, 1961இல் சிகாகோவின் லண்டன் ஹவுஸ் கிளப்பில் இதே குழு மேடையில் வாசித்த பதிவுகள் இருக்கின்றன. விமர்சகர்கள் எதைக் குறை சொன்னார்கள், ரசிகர்கள் எதற்குக் கைதட்டினார்கள் என்று இரண்டுமே ஒரே இடத்தில் கேட்கும்.